கொண்டையில் வைத்த சந்தனம்

கோட்டுச்சேரியைத் தாண்டி மண்டபத்தூர் போகிற சாலையில் இடதுபுறம் பிரிகிற ஊரில் போய் சுகிர்தா வீடு எது என்று கேட்டால், எந்த சுகிர்தா என்பார்கள். ட்ரோன் சுகிர்தா என்றால் போதும். கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசல்வரை கூட்டிவந்து, என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் திரும்பிப் போவார்கள்.

வயது முப்பத்து நாலு. நெடுங்காட்டில் பிறந்தவள். பி.காம். முடித்துவிட்டு, படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் ஒரு ஜெராக்ஸ் கடையில் மூன்று வருஷம் நின்றாள். பிறகு கல்யாணம், இந்த ஊர், மாமியார் சொர்ணாம்பாள். கணவன் செந்தில்குமார் தினமும் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய் பில் போட்டுவிட்டு, இரவு வந்து சாப்பிட்டுப் படுப்பவன். நல்லவன்தான். ஆனால் எது கேட்டாலும் "பாப்போம்" என்பான். அந்த வீட்டில் பதினோரு வருஷமாக எல்லாமே பாப்போம்தான்.

ஊரின் மகளிர் குழுவுக்கு அரசாங்கத் திட்டத்தில் மருந்தடிக்கிற ட்ரோன் ஒன்று வரப்போகிறது, ஓட்டப் பழக ஓர் ஆள் வேண்டும் என்றபோது, குழுவில் இருந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். சுகிர்தா மட்டும் எத்தனை நாள் பயிற்சி என்று கேட்டாள். பதினைந்து நாள் வெளியூரில் தங்கிப் படித்து, பரீட்சை எழுதி, கையில் லைசென்ஸ் அட்டையோடு வந்து இறங்கினாள். சொர்ணாம்பாள் அந்த அட்டையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "போட்டோ நல்லா வுழலயே" என்று மட்டும் சொன்னாள்.

குறுவைக்கு ட்ரோன் வந்தது. ஆறு கைகள், நடுவில் பத்து லிட்டர் டேங்க், உச்சியில் வெள்ளையாக உருண்டையாக ஒரு மூடி. அந்த மூடிக்குள்தான் சாட்டிலைட்டுகளின் குரலைக் கேட்கிற பொருள் இருக்கிறது, அதுதான் ட்ரோனுக்கு இருக்கிற இடத்தைச் சொல்கிறது என்று பயிற்சியில் எழிலன் சொல்லிக்கொடுத்திருந்தான். எழிலனுக்கு அவளைவிட எட்டு வயது குறைவு. ஆனாலும் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் எழிலன் சார். குழுப் பெண்கள் அதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்த வெள்ளை மூடிக்குக் கொண்டை என்று பேர் வைத்தார்கள். ரிமோட்டின் திரையில் ஒரு மூலையில் எண் ஒன்று தெரியும். கொண்டைக்கு இப்போது எத்தனை சாட்டிலைட்டுகளின் குரல் கேட்கிறது என்பது அது. நல்ல நாளில் பத்தொன்பது, இருபது.

வயலின் நாலு மூலையையும் காட்டிவிட்டால் போதும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். போகும், திரும்பும், வரப்பு வந்தால் மருந்தை நிறுத்தும். முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் அரை நாள் அடிக்கிற ஏக்கரை ஏழு நிமிஷத்தில் முடித்துவிட்டு, புறப்பட்ட இடத்திலேயே வந்து உட்காரும். சுகிர்தாவுக்கு அதில்தான் கிறக்கம். அவள் வாழ்க்கையில் சொன்ன சொல்லைக் கேட்ட முதல் ஆள் அதுதான். யாரும் பாப்போம் என்று சொல்லாத ஏழு நிமிஷம் அவளுக்குக் கிடைத்தது.

அவளுக்கு ஊரில் ஒட்டுதல் என்றால் சலோமியிடம்தான். அதே குழுக்காரி, நாலைந்து வயது மூத்தவள். தச்சு வேலை செய்கிற மரியசூசையின் மனைவி. வயல் வெளியில் மேடாக, மணலாக இருக்கிற ஒரு திடலில் கத்திரி போட்டிருந்தாள். அந்தத் திடலை ஒட்டினாற்போல் தென்னை வரிசை, அதற்கு மேற்கே சிதம்பரநாதனுடைய மூன்று ஏக்கர் நெல். ட்ரோன் பழகிய புதிதில், பக்கத்தில் வர எல்லோரும் பயந்தபோது, வரப்பில் எதிர்முனையில் போய் நின்று கையைக் காட்டியது சலோமிதான். "விடு சுகி, என் மேல வந்தா நான் குனிஞ்சிக்கிறேன்" என்பாள்.

இப்போது அந்த அக்டோபருக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து இருபத்து நாலாம் வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. குழுத் தலைவி வினோதாவுக்கு அன்று கும்பகோணத்தில் மகள் வீட்டுக்குப் போகவேண்டும். அதனால் பூஜையை வியாழக்கிழமை மாலையே வைத்துக்கொண்டாள். "ஒரு நாள் முன்னாடி வச்சா சாமி கோச்சிக்காது, பஸ்ஸத் தவற விட்டா எம்மவதான் கோச்சிக்குவா" என்றாள். அவள் வீட்டுக் கூடத்தில் மனைப்பலகை போட்டு ட்ரோனை உட்காரவைத்தார்கள். பொரி, கடலை, சுண்டல். ஆறு கைக்கும் சந்தனம் வைத்து, பேட்டரிக்கு வைத்து, ரிமோட்டுக்கு ஒரு பொட்டு வைத்து, கடைசியாகக் கொண்டைக்கு வந்தாள் சுகிர்தா. வழவழவென்று நெற்றி மாதிரி இருந்தது. மூன்று விரலால் இழுத்தாள். பொரியை மென்றுகொண்டிருந்த சலோமி, "என்னடி கஞ்சத்தனம், இன்னும் கொஞ்சம் வை. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க வேணாமா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சுகிர்தா கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை வழித்துக் கொண்டை முழுக்கப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்தாள். வினோதா போனில் படம் எடுத்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு சிதம்பரநாதன் போன் செய்தார்.

"சுகிர்தா, நாளைக்கு மழைங்கிறான் டிவியில. வெதச்சு இருவது நாளாச்சு. இன்னைக்கு அடிக்கலன்னா களை என் இடுப்புக்கு வந்துடும்மா. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

"இன்னைக்கு ஆயுத பூஜைங்க மாமா."

"அதான் நேத்தே படைச்சிட்டீங்கன்னு வினோதா சொல்லிச்சே."

சொர்ணாம்பாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "படைச்சு வச்சத மறுநாள் பூஜை போட்டுத்தான் எடுக்கணும். அவரு வயசானவருக்குத் தெரியல, உனக்குமா தெரியல?"

"ஆஸ்பத்திரியில இன்னைக்கு டாக்டர் கத்தியத் தொடாமயா இருப்பாரு அத்தை?" என்றாள் சுகிர்தா. அந்தப் பதில் அப்போது அவளுக்கே நன்றாக இருந்தது. பிறகு அதை நினைத்து நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வயலில் இருந்தாள். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மேற்கேயிருந்து இலை அசைகிற அளவுக்குக் காற்று. டேங்கில் அகன்ற இலைக் களையைக் கொல்கிற மருந்து. நெல் புல் ஜாதி, அதை இது ஒன்றும் செய்யாது. ஆனால் கீரையோ கத்திரியோ பூசணியோ, இலை அகலமாக இருக்கிற எதையும் விடாது. சந்தனம் காய்ந்து கொண்டை முழுக்க வெடித்திருந்தது. துடைக்கலாமா என்று துணியை எடுத்தவள், பூஜை போட்டதைத் துடைக்க மனசு வராமல் விட்டுவிட்டாள்.

திரையில் பதினாலு என்று காட்டியது. குறைவுதான். கொஞ்சம் காத்திருந்தாள். பதினேழு ஆயிற்று. விட்டாள். முதல் ஏக்கர் சரியாகப் போயிற்று. சிதம்பரநாதன் வரப்பில் நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டாவது ஏக்கரில், தென்னை வரிசைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த ட்ரோன் நடுவழியில் நின்றது. திரையைப் பார்த்தாள். பன்னிரண்டு. ஒன்பது. ஆறு. யாரோ தோளைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி ட்ரோன் ஒருபக்கமாக ஆடியது. அப்புறம், மருந்தைத் தூவிக்கொண்டே, கிழக்கே நழுவியது. வரப்பைத் தாண்டியது. வரப்பு வந்ததே அதற்குத் தெரியவில்லை. இன்னும் நெல்லின் மேல்தான் இருக்கிறோம் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது.

எந்த ஆபத்தானாலும் முதலில் வீட்டு பட்டனை அழுத்து, அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிடும் என்பது பயிற்சியின் முதல் பாடம். அழுத்தினாள். மருந்து நின்றது. ட்ரோன் மேலே ஏறியது. ஆனால் வீடு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்தால்தானே திரும்பி வரும்? எதையோ வீடு என்று நினைத்துக்கொண்டு எதிர்த்திசையில் போயிற்று. சுகிர்தா கையால் இழுத்துத் திருப்பப் பார்த்தாள். அது வட்டமடித்தது. வட்டம் பெரிதாகி, ஒரு தென்னை மட்டையில் அடித்து, தலைகுப்புறச் சலோமியின் கத்திரிக்கொல்லையில் விழுந்தது. டேங்க் பிளந்து, மீதி மருந்து அப்படியே கத்திரிக்குப் பாய்கிற வாய்க்காலில் இறங்கியது.

எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட இருக்காது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள் சுகிர்தா. கை இருந்தது, விரல் இருந்தது, பட்டன் இருந்தது. எதை அழுத்தியும் ஒன்றும் ஆகவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த சலோமி முதலில் கேட்டது, "உனக்கு ஒண்ணும் ஆவலயே?" என்பதுதான். அதற்குப் பிறகுதான் கொல்லையைப் பார்த்தாள். இரண்டு பேரும் குடத்தை எடுத்தார்கள். அடிபம்பிலிருந்து தண்ணீரைச் சுமந்து சுமந்து செடியின் மேல் ஊற்றினார்கள். மதியம் வரைக்கும் ஊற்றினார்கள். வெள்ளமே வந்தாலும் அந்த மருந்தைக் கழுவியிருக்காது என்பது சுகிர்தாவுக்குத் தெரியும். சலோமியிடம் சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் இலை சுருண்டது. ஐந்தாம் நாள் தண்டு முறுக்குப் பிழிந்த மாதிரி திருகிக்கொண்டது. பூவும் பிஞ்சுமாக, தீபாவளிக்குள் முதல் பறிப்புக்கு இருந்த கொல்லை. சலோமி சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், இரண்டு வார்த்தை வாங்கிக்கொண்டு காலில் விழுந்திருக்கலாம். அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். தெருவில் பார்த்தால் தலையை அசைத்துவிட்டுப் போனாள். சுகிர்தாவுக்கு அது பொறுக்கவில்லை. ட்ரோன் போனால் போகட்டும், சலோமி ஒருதரம் நின்று பேசினால் போதும் என்று கிடந்தாள்.

ஊருக்குத் தீர்ப்புச் சொல்லப் படிப்பு வேண்டுமா என்ன? ஆயுத பூஜை அன்று படைத்த ஆயுதத்தை எடுத்தாள், அது அவளையே கவிழ்த்தது என்று ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். சிதம்பரநாதன் டீக்கடையில், "நான் கூப்புட்டேன், அது வந்துச்சு. கையப் புடிச்சா இழுத்தாந்தேன்?" என்றாராம். மனிதனுக்கு நாக்கில் எலும்பில்லாதது எவ்வளவு சௌகரியம் பாருங்கள். களை செத்த நெல் பச்சென்று நிற்கிறது, அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ட்ரோன் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தான். உடைந்த ட்ரோனைச் சுற்றி வந்து படம் எடுத்தான். கொண்டையருகில் உட்கார்ந்தவன் அங்கேயே இருந்தான்.

"மேடம், இது மேல என்ன இது?"

"சந்தனம்."

"அதுக்கு மேல?"

"குங்குமம்."

அவன் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டான். கொண்டையை மட்டும் ஏழு படம் எடுத்தான். அதற்குள் ஊருக்கு இரண்டாவது காரணம் கிடைத்துவிட்டது. கண்ணில் சந்தனத்தை அப்பினால் எந்தப் பிள்ளைக்குத்தான் வழி தெரியும் என்றார்கள்.

புதன்கிழமை எழிலன் போன் செய்தான். ட்ரோன் பறந்த பதிவை சுகிர்தா அவனுக்கு அனுப்பியிருந்தாள்.

"அக்கா, சந்தனமா இருந்தா முதல் நிமிஷத்திலேருந்து எண்ணிக்கை கொறஞ்சிருக்கணும். உங்களுக்கு நல்லா இருந்து, திடீர்னு பதினேழுலேருந்து ஆறுக்கு வுழுந்திருக்கு. சந்தனம் நடுவுல வந்து ஒட்டாது இல்லியா?"

"அப்ப என்ன சார்?"

"வியாழக்கிழமை ராத்திரி லடாக்ல வானம் செவந்து கெடந்துச்சே, நியூஸ்ல பாத்தீங்களா?"

பார்த்திருந்தாள். பனிமலைக்கு மேல் வானம் குங்குமத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி இருந்த படம் எல்லோர் போனுக்கும் வந்தது. அழகாக இருக்கிறதே என்று அவளே நாலு பேருக்கு அனுப்பியிருந்தாள்.

எழிலன் சொன்னதை அவள் இப்படிப் புரிந்துகொண்டாள். சூரியன் வெளிச்சத்தையும் சூட்டையும் மட்டும் அனுப்புவதில்லை. ஓயாமல் ஒரு காற்றையும் ஊதிக்கொண்டே இருக்கிறது. நம் முகத்தில் படுகிற காற்று இல்லை. மின்சாரம் ஏறிய, கண்ணுக்குத் தெரியாத துகள்களின் காற்று. பூமி ஒரு பெரிய காந்தம் என்பதால், அந்தக் காந்தத்தின் பிடி நம்மைச் சுற்றி வேலி மாதிரி நின்று அதைத் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கிறது. சில நாள் சூரியன் சும்மா ஊதாமல் தன் உடம்பிலிருந்தே ஒரு பெரும் கவளத்தைப் பிய்த்து எறியும். அந்தப் புதன்கிழமை எறிந்தது. ஒன்றரை நாளில் இங்கே வந்து சேர்ந்தது. வேலி குலுங்கியது; லடாக்கில் வானம் சிவந்ததும் அதனால்தான், இதைத்தான் சூரியப் புயல் என்கிறார்களாம். தலைக்கு மேலே வெகு உயரத்தில், நாம் மூச்சு விடுகிற காற்றுக்கெல்லாம் அப்பால், மின்சாரம் கலந்த ஒரு காற்றடுக்கு இருக்கிறதாம். அது கலங்கிப்போயிற்று. சாட்டிலைட்டுகள் அதற்கும் மேலே இருக்கின்றன. அவற்றின் குரல் அந்தக் கலங்கலைத் தாண்டித்தான் கொண்டைக்கு வரவேண்டும். எந்தக் குரல் வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்துத்தான் ட்ரோன் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. குரல் தாமதமாக வந்தால் இடம் தப்பாகிவிடும். வராமலே போனால் இடமே கிடையாது.

"அப்ப என் தப்பு இல்லியா சார்?" என்று கேட்டாள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

"இல்லக்கா. ஆனா நிச்சயமா அதுதான்னும் சொல்ல முடியாது. அன்னைக்கு அந்த நேரம் உங்க ஊரு தலைக்கு மேல என்ன இருந்துச்சுன்னு யாரு அளந்தா? நூத்துக்கு எழுவது அதுவா இருக்கலாம்."

"எழுதித் தர்றீங்களா?"

"என் வேலையும் கம்பெனியை நம்பித்தான்க்கா இருக்கு. வாயால கேட்டா எங்க வேணாலும் சொல்லுவேன்" என்றான்.

அதன் பிறகு இழப்பீட்டுப் படிவம் வந்தது. விபத்துக்கான காரணம் என்று போட்டு மூன்று கட்டம். இயக்கியவரின் தவறு. இயந்திரக் கோளாறு. இயற்கைச் சீற்றம், அதாவது புயல், வெள்ளம், இடி. சுகிர்தா அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டு, மூன்றாவது கட்டத்தில் சூரியப் புயல் என்று எழுதலாமா என்று கேட்டாள்.

"புயலா? அன்னைக்கு உங்க பக்கம் எந்தப் புயலும் இல்லியே மேடம்" என்றது ஒரு பெண் குரல். கிண்டல்கூட இல்லை, நல்ல பிள்ளை, கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

இந்தக் கரைக்கா புயலைச் சொல்லித்தர வேண்டும்? புயல் என்றால் துறைமுகத்தில் கூண்டு ஏறும். ஒன்றாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று டிவி மூன்று நாள் அலறும். காரைக்கால்மேட்டில் படகையெல்லாம் மேலே இழுத்துப் போடுவார்கள். புயலுக்குப் பேர்கூட வைப்பார்கள். இந்தப் புயலுக்குப் பேர் இல்லை, கூண்டு ஏறவில்லை, ஒரு முருங்கைக் கொம்பு முறியவில்லை. இந்த ஊரில் மொத்தம் ஒரு ட்ரோனையும் ஒரு கத்திரிக்கொல்லையையும் ஒரு சிநேகிதத்தையும் மட்டும் கவிழ்த்துவிட்டு, அது வந்த மாதிரியே போயிருந்தது.

வினோதா படிவத்தை மேசையில் விரித்து வைத்தாள். "இங்க பாரு சுகிர்தா. நம்ம தப்புன்னு எழுதுனா உனக்கு மறுபயிற்சி குடுத்து, மெஷின சரி பண்ணிக் குடுத்துடுவாங்களாம். மெஷின் தப்புன்னு எழுதுனா அவன் ஒத்துக்க மாட்டான், பெட்டி துருப்புடிச்சிக் கெடக்கும். மூணாவது கட்டத்துல சூரியனக் கொண்டாந்து நான் எங்க ஒக்கார வைக்கிறது? பத்துப் பொம்பளைங்க மெஷினும்மா அது. திங்கக்கிழமைக்குள்ள குடுக்கணும்."

"செய்யாததச் செஞ்சேன்னு எப்படிக்கா எழுதறது?"

"சந்தனம் வச்சியா இல்லியா?"

"வச்சேன்."

"அப்பறம் என்ன?"

சுகிர்தா படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். எழுதுவதற்கு முன்னால் ஒரே ஓர் ஆளாவது உண்மையைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சலோமி மாதா கோயிலில் பூசை முடிந்து வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டு, பத்து மணிக்குத் திடலுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை துணிகூடத் துவைக்காத சலோமி, அன்று கொல்லையில் குனிந்து கத்திரிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். சுகிர்தா ஒன்றும் கேட்காமல் அடுத்த வரிசையில் இறங்கிப் பிடுங்க ஆரம்பித்தாள். கால் வரிசை போனபிறகு சொல்லத் தொடங்கினாள். எழிலன் சொன்னதை எல்லாம் சொன்னாள். போனை எடுத்து லடாக்கின் சிவந்த வானத்தைக் காட்டினாள். மண் கையோடு சலோமி போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நம்புறேன் சுகி" என்றாள்.

சுகிர்தாவுக்கு உயிர் வந்தது.

"அப்ப மறுபடியும் வரும்ல?"

"வரும்க்கா."

"எப்ப?"

"தெரியாது. பெருசா வந்தா ஒரு நாள் முன்னாடி சொல்லுவாங்களாம். சொன்னா வராமலும் போவுமாம்."

"வந்தா நீ என்ன பண்ணுவ?"

சுகிர்தா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்றாள்.

சலோமி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். "ஒன்பது நாளா நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? உன்ன மன்னிக்கறதுக்கு மனசத் தயார் பண்ணிட்டிருந்தேன். வரல. இன்னைக்குப் பூசையில ஒக்காந்து அழுதேன், அப்பறம்தான் வந்துச்சு. நீ வந்து தப்புப் பண்ணிட்டேன்க்கான்னு சொன்னா, போடி விடுன்னு சொல்லணும்னு இருந்தேன். இப்ப யார் தப்பும் இல்லங்கிற. நான் யாரப் போயி மன்னிக்கறது? அந்த சூரியனையா?" கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "நாளைக்கி நீ அதத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்தா எனக்குப் பயமா இருக்கும் சுகி. உன்னப் பாத்தாலே பயமா இருக்கும். நான் என்ன பண்ணட்டும்?"

கடல் பக்கமிருந்து மழைமேகம் ஏறிக்கொண்டிருந்தது. சுகிர்தா பிடுங்கிய செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால் சலோமி கிடைப்பாள் என்று நினைத்து வந்தவள். உண்மையைச் சொல்லி, சலோமி அதை நம்பியும்விட்டாள், ஆனால் ஆள் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தாள். ட்ரோன் நழுவியதைப் பார்த்த மாதிரியே இதையும் நின்று பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

"அது இல்லக்கா" என்றாள். "எழிலன் சார் எனக்காக அப்படிச் சொல்றாரு. அவரே எழுதித் தரமாட்டேன்னுட்டாரு. சந்தனம்தான். கொண்டையில அவ்ளோ சந்தனம் பூசியிருக்கக் கூடாது. காலையில தொடைக்கலாமான்னு துணிகூட எடுத்தேன், தொடைக்கல. என் தப்புதான்."

சலோமி நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. பிறகு அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, நான்தானேடி இன்னும் வையின்னு சொன்னேன்."

சுகிர்தா அதை மறந்தே போயிருந்தாள். "நீ சொன்னதுக்காக இல்லக்கா, நானேதான்" என்றாள். சலோமி கேட்கவில்லை.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கணும்னு சொன்னேனே. என் வாயால நானே என் கொல்லையக் கெடுத்துக்கிட்டேன்." அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே சுகிர்தாவின் கையைப் பிடித்தாள். "சரி, போவுது போ. ரெண்டு பேரும் பண்ணுன தப்பு. உன்ன நான் மன்னிச்சாச்சு, என்ன நீ மன்னிச்சிடு. இனிமே சந்தனம் வேணாம், ஒரு பூவ வச்சுக் கும்புட்டாப் போதும்."

இல்லையக்கா, நீ ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் மறுபடி சூரியன் வந்து நடுவில் நிற்கும். சுகிர்தா தலையை ஆட்டினாள். மிச்ச வரிசைகளை இரண்டு பேரும் சேர்ந்து பிடுங்கி முடித்தார்கள். சலோமி பழையபடி ஊர்க்கதை பேசிக்கொண்டே பிடுங்கினாள். அன்று மாலை, மழைக்கு நடுவில், சுகிர்தா படிவத்தின் முதல் கட்டத்தில் டிக் போட்டு, வழிகாட்டும் கருவியின் மீது சந்தனம் பூசியது என் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பி.காம். கையெழுத்து, அழகாக இருந்தது.

மறுபயிற்சிக்குப் போய்வந்தாள். அங்கே பூஜைப் பொருள்களைக் கருவியில் பூசக்கூடாது என்று ஒரு தனிப் பாடமே வைத்திருந்தார்கள். அவளுடைய கொண்டையின் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். எழிலன் அந்த வகுப்பு முடிகிறவரை வெளியே நின்றிருந்தான்.

மார்கழியில் ட்ரோன் திரும்பி வந்தது. சிதம்பரநாதனின் சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்தது. அவரேதான் மறுபடி போன் செய்தார், இந்தத் தடவை நல்ல நாள் பார்த்து. திடலில் சலோமி புதிதாகக் கத்திரி நாற்று நட்டிருந்தாள். ஒவ்வொன்றும் நாலு இலை விட்டிருந்தது.

ட்ரோனை வரப்பில் இறக்கிவைத்தபோது சலோமி எதிரே வந்தாள். முந்தானையை எடுத்துக் கொண்டையைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். வெள்ளையாக மின்னியது. குனிந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ச் சந்தன வாசனை இருக்கிறதா என்று மோந்துகூடப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு. இனிமே பயமில்ல, விடு சுகி" என்று சொல்லிவிட்டு, தன் நாற்றுக்கு முன்னால் போய் நின்று பழையபடி கையைக் காட்டினாள்.

சூரியன் தென்னைக்கு மேல் ஏறியிருந்தது. வானத்தில் ஒரு மேகமில்லை. சுகிர்தா திரையைப் பார்த்தாள். பத்தொன்பது என்றிருந்தது. அது பதினெட்டானது, மறுபடி பத்தொன்பதானது. எதிரே சலோமி சிரித்துக்கொண்டு நின்றாள். வேறு வழி இல்லாமல் சுகிர்தா ட்ரோனை மேலே எழுப்பினாள்.